பழுதாகும் வன்தட்டு, சரியும் நற்பெயர்: எந்த நிறுவனத்தை நம்பலாம்?

காட்கோபர் (மும்பை): கணினிக் கடைகளில் 'ஹார்டு டிஸ்க்' என்று கேட்டு வாங்கப்படும் வன்தட்டு, ஒரு சிறு வணிகரின் கணக்குப் புத்தகத்தையும் ஒரு குடும்பத்தின் திருமணப் படங்களையும் ஒரே நேரத்தில் சுமக்கிறது. மும்பை புறநகர் மாவட்டத்தில் துணிக்கடைகளும் நகைக்கடைகளும் கணக்குத் தணிக்கையாளர் அலுவலகங்களும் நெருங்கி அமைந்துள்ள காட்கோபர் போன்ற பகுதிகளில், அந்தச் சிறு பெட்டி பழுதானால் நின்றுபோவது கணினி மட்டுமல்ல, வியாபாரமும்தான்.

சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின்படி, ஒரு நிதியாண்டின் கணக்குகளை, அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கையைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை பாதுகாத்து வைத்திருக்க வேண்டும். 2024-25 நிதியாண்டின் கணக்கை எடுத்துக்கொண்டால், ஆண்டறிக்கைக்கான வழக்கமான கடைசி நாள் 2025 டிசம்பர் 31. ஆகவே, அந்தப் பதிவுகள் 2031 டிசம்பர் இறுதி வரை இருந்தாக வேண்டும். ஆனால், சாதாரண மேசைக் கணினிகளுக்கான வன்தட்டுகளுக்குப் பெரும்பாலும் 2 அல்லது 3 ஆண்டு உத்தரவாதமே கிடைக்கிறது. சட்டம் கேட்கும் காலத்துக்கும் நிறுவனம் பொறுப்பேற்கும் காலத்துக்கும் இடையிலான இந்த இடைவெளியில்தான், 'எந்த கம்பெனி நல்லது?' என்ற கேள்வி பிறக்கிறது.

கடைக்கு ஒரு பதில் கிடைக்கும் கேள்வி இது. ஒரு கடைக்காரர் ஒரு நிறுவனத்தைப் புகழ்வார். அடுத்த கடைக்காரர் அதே நிறுவனத்தைத் தொடவே கூடாது என்பார். வன்தட்டுத் தொழிலின் வரலாற்றைப் பார்த்தால், இருவருடைய கூற்றிலும் ஓரளவு உண்மை இருப்பது தெரியவரும். அதோடு, பழுதான ஒரே ஒரு மாதிரி ஒரு பெரும் நிறுவனத்தின் பெயரை எவ்வளவு காலத்துக்குத் துரத்தும் என்பதும் புரியும். அந்த வரலாற்றில் மும்பைக்கும் சென்னைக்கும்கூட ஓர் இடம் உண்டு.

மயிரிழையை விட மெல்லிய இடைவெளி

உலகின் முதல் வன்தட்டை 1956-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஐ.பி.எம். நிறுவனம் அறிமுகம் செய்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்டிருந்த அந்த இயந்திரத்தில் சுமார் 5 மெகாபைட் தகவலையே சேமிக்க முடிந்தது. இன்று உள்ளங்கையில் அடங்கும் வன்தட்டில் 30 டெராபைட்டுக்கும் மேல் சேமிக்கலாம். அளவு பல லட்சம் மடங்கு பெருகினாலும் அடிப்படை இயக்கம் மாறவில்லை.

காந்தப் பூச்சு கொண்ட தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. அதாவது, வேகமான வன்தட்டில் ஒரு நொடிக்கு 120 சுற்று. அவற்றின் மேற்பரப்பைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் மிதந்தபடி, எழுதிப் படிக்கும் முனை தகவலைப் பதிவு செய்கிறது. மனிதத் தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 80 ஆயிரம் நானோமீட்டர் என்பதோடு ஒப்பிட்டால், அந்த இடைவெளியின் நுட்பம் விளங்கும். ஓடிக்கொண்டிருக்கும் வன்தட்டு மேசையிலிருந்து விழுந்தாலோ பலமாக அதிர்ந்தாலோ முனை தட்டில் உரசித் தகவல் பதிந்த பூச்சையே சுரண்டிவிடும்.

முனை உரசுவது தவிர, சுழற்றும் மோட்டார் இறுகிப்போவது, மின்சுற்றுப் பலகை எரிவது, வன்தட்டுக்குள்ளேயே இயங்கும் கட்டுப்பாட்டு மென்பொருளில் பிழை ஏற்படுவது ஆகியவையும் பழுதுக்கான காரணங்கள். முதலாவது நேர்ந்தால் தகவலை மீட்பது கடினம். மற்றவற்றில் தகவல் தட்டில் அப்படியே இருக்கும். அதை எட்டும் வழிதான் அடைபட்டிருக்கும்.

114 ஆண்டுகள் உழைக்குமா?

வன்தட்டு நிறுவனங்கள் தங்கள் பொருளின் தரத்தைக் குறிக்க, 'பழுதுகளுக்கு இடைப்பட்ட சராசரி நேரம்' என்ற அளவைப் பயன்படுத்தி வந்துள்ளன. நிறுவனங்களின் பயன்பாட்டுக்கான பல மாதிரிகளில் இது 10 லட்சம் மணி நேரம் அல்லது அதற்கும் மேல் என அச்சிடப்பட்டிருக்கும். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம் என்று வகுத்தால் 114 ஆண்டுகள் வருகிறது. ஆனால், ஒரு வன்தட்டு 114 ஆண்டுகள் உழைக்கும் என்பது இதன் பொருளல்ல.

ஆயிரம் வன்தட்டுகளை ஓராண்டு முழுவதும் இடைவிடாமல் ஓட்டினால், மொத்தம் 87.6 லட்சம் மணி நேரம் ஆகிறது. 10 லட்சம் மணி நேரத்துக்கு ஒரு பழுது என்றால், அந்த ஆண்டில் ஏறத்தாழ 9 வன்தட்டுகள் பழுதாகும். அதாவது, ஆண்டுப் பழுது விகிதம் 0.88 சதவீதம். அந்த எண் ஒரு கூட்டத்தைப் பற்றியது. வாங்கியவரின் கையில் உள்ள ஒற்றை வன்தட்டைப் பற்றியதல்ல.

அந்தக் கூட்டத்துக்கும்கூட நிறுவனங்கள் சொன்ன கணக்கு பொருந்தவில்லை என்பது 2007-ஆம் ஆண்டு வெளிச்சத்துக்கு வந்தது. அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பியான்கா ஷ்ரோடர், கார்த் கிப்சன் ஆகியோர், பெரும் கணினி மையங்களில் இயங்கிய சுமார் ஒரு லட்சம் வன்தட்டுகளின் மாற்று விவரங்களை ஆராய்ந்தனர். தயாரிப்பாளர்களின் விவரத்தாளில் 0.58 முதல் 0.88 சதவீதம் வரை இருந்த ஆண்டு விகிதம், நடைமுறையில் ஒரு சதவீதத்தைத் தாண்டியது. 2 முதல் 4 சதவீதம் என்பது பரவலாகவும், சில இடங்களில் 13 சதவீதம் வரையும் காணப்பட்டது. புதிதாக வாங்கிய சில மாதங்களைக் கடந்துவிட்டால் பல ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்ற நம்பிக்கையும் தகர்ந்தது. வயது கூடக்கூட மாற்று விகிதம் தொடக்கத்திலிருந்தே ஏறிக்கொண்டு போவதை அவர்கள் கண்டனர்.

அதே ஆண்டில் கூகுள் நிறுவனத்தின் பொறியாளர்கள் தங்களிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் அதிகமான வன்தட்டுகளைப் பற்றி ஆய்வறிக்கை வெளியிட்டனர். தன்னைத்தானே கண்காணித்துக்கொள்ளும் 'ஸ்மார்ட்' எனும் வசதி எல்லா வன்தட்டுகளிலும் உண்டு. இருந்தும், பழுதான வன்தட்டுகளில் 36 சதவீதத்துக்கும் மேற்பட்டவை எந்த முன்னெச்சரிக்கையும் தராமலேயே செயலிழந்தன என்பது அந்த ஆய்வின் முக்கியமான முடிவு. மறுபுறம், தட்டைச் சோதிக்கும்போது முதல் பிழை தென்பட்டுவிட்டால், அடுத்த 60 நாட்களில் அந்த வன்தட்டு பழுதாகும் வாய்ப்பு, பிழையில்லாத வன்தட்டைவிட 39 மடங்கு அதிகம் என்றும் தெரியவந்தது. அந்த இரு ஆய்வுகளும் நிறுவனங்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கடைக்காரரின் அனுபவம் தவறுவது எங்கே?

பழுதுபார்ப்பவரின் மேசைக்கு வருபவை பழுதானவை மட்டுமே. நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் வன்தட்டுகளை அவர் பார்ப்பதில்லை. ஒரு பகுதியில் ஒரு நிறுவனத்தின் வன்தட்டுகள் ஆயிரமும், மற்றொரு நிறுவனத்தின் வன்தட்டுகள் நூறும் விற்றிருப்பதாகக் கொள்வோம். முதல் நிறுவனத்தின் பழுது விகிதம் 2 சதவீதம், இரண்டாவது நிறுவனத்துக்கு 5 சதவீதம் என்றால், கடைக்கு வருபவை முறையே 20 மற்றும் 5. 'அந்த கம்பெனிதான் அதிகம் பழுதாகிறது' என்று கடைக்காரர் சொல்வது அவர் கண்ணால் கண்ட உண்மை. ஆனால், அதிலிருந்து பெறும் முடிவு தலைகீழானது. மொத்தம் எத்தனை விற்றது என்ற கணக்கு இல்லாமல், எத்தனை பழுதானது என்ற கணக்குக்குப் பொருளில்லை.

இந்தக் குறையை ஓரளவு நிவர்த்தி செய்தது கலிஃபோர்னியாவைச் சேர்ந்த பேக்பிளேஸ் எனும் இணையவழிச் சேமிப்பு நிறுவனம். தன் தகவல் மையங்களில் உள்ள வன்தட்டுகளின் பழுது விகிதத்தை, நிறுவனப் பெயரோடும் மாதிரி எண்ணோடும் 2013 முதல் அது தொடர்ந்து வெளியிட்டு வருகிறது. அந்தப் புள்ளிவிவரப்படி, எல்லா மாதிரிகளையும் சேர்த்த ஆண்டுப் பழுது விகிதம் 2023-இல் 1.70 சதவீதமாகவும், 2024-இல் 1.57 சதவீதமாகவும் இருந்தது. கணக்கில் கொள்ளப்பட்டவை சுமார் 3 லட்சம் வன்தட்டுகள். ஒரே நிறுவனத்தின் இரு மாதிரிகளுக்கு இடையே உள்ள வேறுபாடு, சில வேளைகளில் இரு நிறுவனங்களுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிடப் பெரிது என்பதே இந்தப் பட்டியல்கள் ஆண்டுதோறும் உணர்த்தும் பாடம்.

கண்டுபிடித்த நிறுவனமே வெளியேறிய கதை

வன்தட்டை உலகுக்குத் தந்த ஐ.பி.எம்., 2000-ஆம் ஆண்டு 'டெஸ்க்ஸ்டார் 75 ஜி.எக்ஸ்.பி.' என்ற வரிசையை வெளியிட்டது. 75 ஜிகாபைட் வரை கொள்ளளவு கொண்ட அது, வேகத்துக்காகப் பாராட்டப்பட்டது. ஆனால் சில மாதங்களிலேயே, 'டிக், டிக்' என்ற ஒலியோடு வன்தட்டுகள் செயலிழப்பதாகப் புகார்கள் குவிந்தன. பயனர்கள் அதன் பெயரைத் திரித்து 'டெத்ஸ்டார்' என்று அழைத்தனர். சாவைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும், புகழ்பெற்ற திரைப்படமொன்றில் வரும் அழிவுக் கோளின் பெயரும் கலந்த அந்தக் கேலி, நிறுவனத்தின் விளம்பரங்கள் அனைத்தையும் தாண்டி நிலைத்துவிட்டது.

2001-இல் ஐ.பி.எம். மீது அமெரிக்காவில் கூட்டு வழக்கு தொடரப்பட்டு, 2005-இல் சமரசத்தில் முடிந்தது. 2006-ஆம் ஆண்டு 'பிசி வேர்ல்ட்' இதழ் வெளியிட்ட, வரலாற்றின் மிக மோசமான 25 தொழில்நுட்பப் பொருட்களின் பட்டியலிலும் இந்த வன்தட்டு இடம்பெற்றது. இதற்கிடையே, 2002-இல் தன் வன்தட்டுப் பிரிவை ஜப்பானின் ஹிட்டாச்சிக்கு 205 கோடி டாலருக்கு விற்பதாக ஐ.பி.எம். அறிவித்தது. கடும் விலைப் போட்டியும் குறைந்த லாபமும் அந்த முடிவின் பின்னணியில் இருந்தன. இருப்பினும், அந்தப் பொருளைக் கண்டுபிடித்த நிறுவனம் 46 ஆண்டுகளுக்குப் பின் களத்தை விட்டு விலகியபோது, மக்கள் நினைவில் நின்றது அதன் கண்டுபிடிப்பு அல்ல. அந்த 'டிக், டிக்' ஒலிதான்.

சென்னையில் தயாரான வன்தட்டு

வன்தட்டு என்றால் அமெரிக்கா, ஜப்பான், தாய்லாந்து என்ற எண்ணமே பொதுவாக நிலவுகிறது. ஆனால், 1990-களில் தமிழகத் தலைநகரிலும் அது தயாரிக்கப்பட்டது.

இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் தொழில்முனைவோராக உயர்ந்த ஜுகி டாண்டன், நெகிழ்தட்டு எனப்படும் ஃப்ளாப்பி இயக்கிகளின் தயாரிப்பில் முன்னோடி. 1981-இல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் தனிநபர் கணினியில் இருந்தவை அவரது டாண்டன் நிறுவனத்தின் இயக்கிகளே. உற்பத்திச் செலவைக் குறைக்க அந்நிறுவனம் ஆசிய நாடுகளை நாடியபோது, மும்பையும் அதன் உற்பத்தி மையங்களுள் ஒன்றானது. டாண்டன் நிறுவனத்தின் வன்தட்டுப் பிரிவை 1988-இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கியது. இன்று உலகின் முன்னணி வன்தட்டு நிறுவனங்களுள் ஒன்றாக உள்ள வெஸ்டர்ன் டிஜிட்டல், வன்தட்டுத் தயாரிப்பில் இறங்கியது அந்தக் கொள்முதல் வழியாகத்தான்.

1994-இல் டாண்டன், 'ஜே.டி.எஸ்.' என்ற புதிய நிறுவனத்தைக் கலிஃபோர்னியாவில் தொடங்கினார். உடன் இணைந்தவர், அதே காலத்தில் நொடித்துப்போன கலாக் என்ற வன்தட்டு நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் மிட்செல். தலைமையகம் சான் ஹோசே நகரில். உற்பத்தியோ அன்றைய மெட்ராஸில். 1996 ஜூலை 30 அன்று ஜே.டி.எஸ்., விளையாட்டுக் கணினிகளால் ஒரு தலைமுறையையே கவர்ந்த அட்டாரி நிறுவனத்துடன் இணைந்தது. அட்டாரியிடம் விளையாட்டுச் சந்தையில் முன்னேறும் வழி இல்லை. ஆனால் கையில் ரொக்கம் இருந்தது. ஜே.டி.எஸ்.ஸிடம் தொழிற்சாலை இருந்தது, ரொக்கம் இல்லை. மெட்ராஸ், சென்னை எனப் பெயர் மாறிய அதே ஆண்டில் நடந்த அந்த இணைப்பால், அட்டாரியின் சேமிப்பு சென்னையில் ஓடிய வன்தட்டு உற்பத்திக்கு எரிபொருளானது.

விலை மலிவு என்பதே ஜே.டி.எஸ். வன்தட்டுகளின் ஈர்ப்பு. ஆனால், எளிதில் பழுதாகின்றன என்ற பெயர் விரைவிலேயே அவற்றுக்கு வந்துசேர்ந்தது. கூட்டாளியின் முந்தைய நிறுவனமான கலாக்கின் தயாரிப்புகளும் இதே குறைக்குப் பெயர்போனவை என்பதால், சந்தையின் ஐயம் இரட்டிப்பானது. பெரும் நிறுவனங்கள் மோதிக்கொண்ட விலைப் போரில், ஆயிரக்கணக்கில் வன்தட்டு வாங்கும் கணினி உற்பத்தியாளர்களின் நம்பிக்கையே ஒரு புதிய நிறுவனத்துக்கு உயிர்மூச்சு. அது கிட்டவில்லை. 1998 மார்ச்சில் அட்டாரியின் பெயரையும் உரிமைகளையும் ஹாஸ்ப்ரோ இன்டராக்டிவ் நிறுவனத்துக்கு 50 லட்சம் டாலருக்கு ஜே.டி.எஸ். விற்றது. அதன் பிறகும் மீள முடியாமல் நொடிப்பு நிலையை அடைந்தது.

ஐ.பி.எம்.முக்கும் ஜே.டி.எஸ்.ஸுக்கும் இடையிலான வேறுபாடு இங்கேதான் உள்ளது. பல தொழில்களைக் கொண்ட பழைய நிறுவனத்தால் ஒரு மாதிரியின் தோல்வியைத் தாங்க முடிந்தது. பிரிவை விற்றுவிட்டு வேறு தொழிலில் தொடர முடிந்தது. ஒரே பொருளை நம்பி நின்ற புதிய நிறுவனத்துக்கு அந்த வாய்ப்பே இல்லை. தரம் பற்றிய பெயர் சரிந்தபோது, வன்தட்டு உற்பத்தியில் சென்னைக்குக் கிடைத்திருக்கக்கூடிய இடமும் அதனுடன் சரிந்தது.

செங்கல்லும் மென்பொருளும்

பழுதை மறைக்க முயல்வது பழுதைவிடக் கேடு விளைவிக்கும் என்பதற்கு அமெரிக்காவின் மினிஸ்க்ரைப் நிறுவனம் உதாரணம். 1987-இல் இருப்புக் கணக்கில் இருந்த பற்றாக்குறையை மறைப்பதற்காக, அந்நிறுவனம் வன்தட்டுப் பெட்டிகளில் செங்கற்களை வைத்து அனுப்பியது. 1989-இல் மோசடி அம்பலமாகி, அடுத்த ஆண்டே நிறுவனம் திவாலானது. அதன் சொத்துகளை மேக்ஸ்டர் நிறுவனம் வாங்கியது.

இதற்கு மாறாக, வெளிப்படையாகப் பொறுப்பேற்றால் சேதத்தைக் குறைக்கலாம் என்பதை 2009-இல் சீகேட் நிறுவனத்தின் அனுபவம் காட்டியது. அதன் 'பாரகூடா 7200.11' வரிசையில் உள்ள சில வன்தட்டுகள், கணினியை இயக்கும்போது அடையாளம் தெரியாமல் முடங்கின. கட்டுப்பாட்டு மென்பொருளில் இருந்த பிழையே காரணம். தகவல் பத்திரமாக இருந்தும் எட்ட முடியாத நிலை. சீகேட் பிழையை ஒப்புக்கொண்டு திருத்தப்பட்ட மென்பொருளை வழங்கியதோடு, பாதிக்கப்பட்டவர்களின் தகவலை இலவசமாக மீட்டுத்தருவதாகவும் அறிவித்தது. எனினும், அவசரத்தில் வெளியிடப்பட்ட முதல் திருத்தம் சில வன்தட்டுகளை மேலும் முடக்கியதால், அதைத் திரும்பப் பெற்று மறுபடியும் வெளியிட நேர்ந்தது.

சீகேட்டின் பெயருக்கு அடுத்த அடி 3 டெராபைட் மாதிரி ஒன்றால் விழுந்தது. 2011 இறுதியில் தாய்லாந்தில் ஏற்பட்ட பெருவெள்ளத்தில் வன்தட்டுத் தொழிற்சாலைகளும் உதிரிபாக ஆலைகளும் மூழ்கின. உலகெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டு விலை கடுமையாக உயர்ந்தது. அதே சமயத்தில் சீகேட்டும் வெஸ்டர்ன் டிஜிட்டலும் பல மாதிரிகளின் உத்தரவாதக் காலத்தைக் குறைத்தன. அந்தச் சூழலில், 2012-இல் பேக்பிளேஸ் தன் மையங்களில் 4,800-க்கும் அதிகமான 'எஸ்டி3000டிஎம்001' எனும் சீகேட் வன்தட்டுகளைப் பொருத்தியது. 2014-இல் அவற்றின் ஆண்டுப் பழுது விகிதம் 40 சதவீதத்தைத் தாண்டியது. 2015-ஆம் ஆண்டுக்குள் அவற்றில் மிகப் பெரும்பாலானவை பழுதாலோ முன்னெச்சரிக்கையாலோ அகற்றப்பட்டன. 2016-இல் சீகேட் மீது கலிஃபோர்னியாவில் கூட்டு வழக்கும் தொடரப்பட்டது.

ஆனால் அந்த எண்ணிக்கையையும் கவனத்தோடு படிக்க வேண்டும். அவை வீட்டுக் கணினிக்கான வன்தட்டுகள். இரவு பகலாக, அதிர்வு மிகுந்த அடுக்குகளில் ஓட்டப்பட்டவை. வீட்டு மேசையில் அதே விகிதத்தில் அவை பழுதாகும் என்று சொல்ல இயலாது. அதே நிறுவனத்தின் 4 டெராபைட் மாதிரி, அதே மையங்களில், அதே சுமையில், பல மடங்கு குறைந்த பழுது விகிதத்தையே காட்டியது. ஆயினும், 'சீகேட் வேண்டாம்' என்ற வாசகம் 3 டெராபைட் மாதிரியோடு நிற்காமல் நிறுவனம் முழுமைக்கும் ஒட்டிக்கொண்டது.

பெயர் மீள்வதும் உண்டு

கெட்ட பெயர் நிரந்தரமல்ல என்பதற்கும் இதே தொழிலில் சான்று உள்ளது. 'டெத்ஸ்டார்' என்று பழிக்கப்பட்ட ஐ.பி.எம். பிரிவை வாங்கிய ஹிட்டாச்சி, 'டெஸ்க்ஸ்டார்' என்ற வணிகப் பெயரைக் கைவிடவில்லை. பத்தாண்டுகள் கழித்து பேக்பிளேஸ் பட்டியல் வெளிவரத் தொடங்கியபோது, மிகக் குறைவாகப் பழுதான வன்தட்டுகளாக முன்னணியில் நின்றவை ஹிட்டாச்சியின் மாதிரிகளே. 2012-இல் அந்தப் பிரிவை வெஸ்டர்ன் டிஜிட்டல் வாங்கிக்கொண்டது.

ஒரு காலத்தில் 200-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வன்தட்டு தயாரித்தன. இன்று எஞ்சியிருப்பவை சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா ஆகிய மூன்று மட்டுமே. எனவே, ஒரு நிறுவனத்தின் மீது கோபம் கொண்டு மற்றொன்றுக்கு மாறும் வாடிக்கையாளருக்குத் தேர்வு குறைவு. வாங்குபவருக்குப் பெட்டியின் உட்புறம் தெரியாது, தயாரிப்பவருக்கே தெரியும். இத்தகைய சந்தையில் தரமானதும் தரமற்றதும் ஒரே விலைக்குத் தள்ளப்படும் அபாயத்தை, பொருளியல் அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் விளக்கினார். 2001-இல் நோபல் பரிசு பெற்றவர்களுள் அவரும் ஒருவர். அந்த இருளில் வாங்குபவருக்குக் கிடைக்கும் இரு விளக்குகள், நிறுவனத்தின் நற்பெயரும் அது தரும் உத்தரவாதக் காலமும்தான்.

நற்பெயரைப் பிறரும் கெடுக்கலாம். நீண்ட காலம் ஓடித் தேய்ந்த சீகேட் வன்தட்டுகள், ஓடிய நேரக் கணக்கு அழிக்கப்பட்டுப் புதியவையாக விற்கப்பட்டது 2025 தொடக்கத்தில் ஜெர்மன் ஊடகச் செய்திகளால் தெரியவந்தது. மெய்நிகர் நாணயம் ஈட்டும் பணியில் பயன்படுத்தப்பட்டவை அவை எனக் கருதப்பட்டது. வழக்கமான பதிவை அழித்தவர்களால், வன்தட்டுக்குள் தனியே சேமிக்கப்படும் மற்றொரு பதிவை அழிக்க இயலவில்லை. அதுவே உண்மையைக் காட்டிக்கொடுத்தது. அவற்றைத் தாங்கள் விற்கவில்லை என்று சீகேட் விளக்கமளித்தது. இருந்தும், ஏமாந்தவரின் கையில் இருந்த பெட்டியில் அச்சாகியிருந்தது சீகேட்டின் பெயர்தான்.

எஸ்.எஸ்.டி. தீர்வாகுமா?

சுழலும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. சேமிப்பகங்கள் இப்போது மடிக்கணினிகளில் பெரும்பாலும் வன்தட்டின் இடத்தைப் பிடித்துவிட்டன. விழுந்தாலும் முனை உரசும் அச்சம் இல்லை. ஆனால் பழுதே இல்லை என்று பொருளல்ல. 2019 நவம்பரில், எச்.பி. என்டர்பிரைஸ் நிறுவனம் தன் சர்வர்களுக்கான சில எஸ்.எஸ்.டி.கள், கட்டுப்பாட்டு மென்பொருளின் பிழையால் சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் நின்றுவிடும் என்று எச்சரித்தது. அதாவது 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். ஒரே நாளில் பொருத்தப்பட்ட பல சேமிப்பகங்கள் ஒரே நேரத்தில் நின்றால், ஒன்றுக்கு மாற்றாக மற்றொன்றை வைத்திருப்பதும் பயன் தராது. பிரதிகளை ஒரே நாளில், ஒரே மாதிரியில் வாங்கக் கூடாது என்பதே அதிலிருந்து கிடைக்கும் பாடம்.

நுகர்வோர் சட்டம் என்ன சொல்கிறது?

உத்தரவாதம் என்பது வன்தட்டுக்கே தவிர, அதில் உள்ள தகவலுக்கு அல்ல. பழுதானதைத் திருப்பிக் கொடுத்தால் வேறொன்று கிடைக்கும். பல நேரங்களில் அது புதியதாக இல்லாமல், பழுது நீக்கப்பட்டதாகவும் இருக்கும். அழிந்த கணக்குகளுக்கு நிறுவனம் பொறுப்பேற்பதில்லை என்ற நிபந்தனை உத்தரவாத அட்டையிலேயே காணப்படும்.

குறைபாடுள்ள பொருள் குறித்து, 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ள நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரை உள்ள புகார்களை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை. பொருளை எங்கே வாங்கியிருந்தாலும், புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம் என்பது இச்சட்டம் தந்துள்ள வசதி. இணையத்தில் வாங்கிய வன்தட்டுக்காக, காட்கோபரில் வசிப்பவர் விற்பனையாளரின் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். வழக்குக்கு முன்பாக, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம்.

வணிகர்கள் கவனிக்க வேண்டிய ஒரு வரம்பும் உண்டு. வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்குபவர் இச்சட்டப்படி நுகர்வோர் ஆகமாட்டார். அதே வேளை, சுயதொழில் மூலம் பிழைப்பு நடத்துவதற்காக வாங்கித் தாமே பயன்படுத்துபவருக்கு இந்த விலக்கு பொருந்தாது. தனியொருவராகக் கடை நடத்துபவருக்கும், பலரைப் பணியில் அமர்த்திய நிறுவனத்துக்கும் இடையே சட்டம் கோடு கிழிப்பது இந்த இடத்தில்தான். எவ்வகையிலும், வரிச் சீட்டுடன் கூடிய ரசீதும், வன்தட்டின் வரிசை எண்ணும் கையில் இருப்பது அவசியம்.

வாங்குபவர் செய்ய வேண்டியவை

நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்க்காமல் மாதிரி எண்ணையும் பார்க்க வேண்டும். அந்த மாதிரிக்கு எத்தனை ஆண்டு உத்தரவாதம் என்பது, தன் தயாரிப்பை அந்நிறுவனமே எவ்வளவு நம்புகிறது என்பதற்கான அறிகுறி. வாங்கியதும் வரிசை எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபார்த்து, உத்தரவாதம் இந்தியாவில் செல்லுமா என்பதையும் ஓடிய நேரம் பூஜ்யத்தை ஒட்டி உள்ளதா என்பதையும் உறுதி செய்யலாம்.

'ஸ்மார்ட்' பதிவில் 5, 187, 188, 197, 198 ஆகிய ஐந்து எண்களைப் பேக்பிளேஸ் பொறியாளர்கள் முக்கிய அறிகுறிகளாகக் கருதுகின்றனர். அவற்றுக்கு எதிரே பூஜ்யம் மாறி எண் ஏறத் தொடங்கினால், அன்றே நகல் எடுப்பது நலம். வழக்கத்துக்கு மாறான ஒலி கேட்டால் கணினியை மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது, உரசிய தட்டை மேலும் சுரண்டுவதில் முடியும். அந்த நிலையில் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, தகவல் மீட்பு வல்லுநரை நாடுவதே சரி.

அறிகுறி காட்டாமலே மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவை பழுதாகின்றன என்பதால், நகலே இறுதிப் பாதுகாப்பு. மூன்று பிரதிகள், இரு வேறு வகைச் சேமிப்பகங்கள், அவற்றில் ஒரு பிரதி வேறொரு இடத்தில் என்பது துறையினர் பின்பற்றும் விதி. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி மும்பை மூழ்கியபோது, தரைத்தளக் கடைகளில் கணினியும் நகலும் ஒரே மேசையில் இருந்திருந்தால் இரண்டுமே போயிருக்கும். மூன்றாவது பிரதி வேறிடத்தில் இருக்க வேண்டும் என்பதன் காரணம் இதுவே.

ஆண்டுக்கு 100 வன்தட்டுகளில் ஒன்று அல்லது இரண்டு பழுதாகும் என்பது நிறுவனங்களுக்கு ஒரு விகிதம். அந்த ஒன்றைக் கையில் வைத்திருப்பவருக்கோ அது நூறு சதவீதம். 72 மாதக் கணக்குகளைக் காப்பாற்றும் பொறுப்பு எந்த நிறுவனத்தின் நற்பெயரிடமும் இல்லை. நகல் எடுத்து வைக்கும் வணிகரிடமே உள்ளது.